அறுபது லிட்டர்

பையை லிட்டரில் அளப்பார்கள் என்று
எனக்குத் தெரியாது.

பதினோரு வருடமாய்ப் பால் பண்ணையில்
லிட்டர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.
விடியுமுன் கிளம்பும் டேங்கர்களுக்கு
பால் இத்தனை, கொழுப்பு இத்தனை என்று
கையெழுத்துப் போடுகிறவள்.
வெறும் காற்றை அளந்து விலை ஒட்டிய லிட்டரை
நாலு ரோட்டுக் கடையில்தான் முதலில் பார்த்தேன்.

'முப்பதா, நாப்பதா, அறுபதா மேடம்?
எத்தனை ராத்திரி தங்குவீங்க?'
இர்ஷாத் கேட்டான்.
ஒரு ராத்திரி, ஏற்காட்டில்.
சொல்லி வாய் மூடவில்லை,
கூர்க், அந்தமான், ஒரு தடவையாவது இமயமலை
என்று உள்ளே யாரோ டிக்கெட் போட ஆரம்பித்தார்கள்.
மிச்சமிருக்கும் ராத்திரிகளையெல்லாம்
அந்த ஒரு நிமிடத்தில் கூட்டி
அறுபது என்றேன்.

அவன் டேப்பை எடுத்தான்.
கழுத்தடியில் துருத்தும் எலும்பை நானே தொட்டுக் காட்ட
அங்கிருந்து இடுப்பெலும்பு வரை
ஒரு விரலும் படாமல் அளந்தான்.
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
இத்தனை வருடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தும்
யாரும் அளக்காத நீளம்.
'ஆளோட உயரம் கணக்கில்ல மேடம், முதுகுதான் கணக்கு.
பாரம் இடுப்புல உக்காரணும்.
அறுபது போட்டா
உங்க பின்னாடி இன்னொரு ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்.'

தள்ளுபடி அறுபதுக்குத்தான் இருந்தது.

காலி இடம் சும்மா இருக்காது, கேட்கும்.
ஸ்வெட்டர் கேட்டது. இன்னொரு ஸ்வெட்டர்.
டார்ச், அது அணைந்தால் வேறொரு டார்ச்.
குடை, குடையை நம்பாமல் மழைக்கோட்டு.
ஒரு டப்பா தட்டுவடை, தனி டப்பாவில் இரண்டு சட்னி.
இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்து
வெட்கப்பட்டு
வெளியே எடுத்தேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் செல்வமேரி நின்றிருந்தாள்,
மகனின் பழைய ஸ்கூல் பையோடு,
அறுந்த ஜிப்புக்கு ஊக்குக் குத்தி.
என்னைப் பார்த்துச் சிரித்தவள்
சிரித்து முடிக்க டீக்கடை பெஞ்ச் தேவைப்பட்டது.
'பாதியை இங்க வெச்சிட்டு வா.'
வைத்தேன். டீக்கடைக்காரர் என் ஸ்வெட்டர் மேல்
வர்க்கி டின்னை ஏற்றினார்.

அப்போதுதான் ஆரம்பித்தது.
பாதி நிறைந்த பை
இடது காலுக்கு வலப்பக்கம் போனது,
வலது காலுக்கு இடப்பக்கம்.
முழு டேங்கர் அடங்கி வரும்,
அரை டேங்கர்தான் தளும்பி வளைவில் சாய்க்கும்.
டிரைவர்களுக்கு நான் சொல்கிற பாடம்.
இடுப்புப் பட்டை தொடையில் தட்ட
குண்டூர்ப் பாதையில்
எனக்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

கீழே சேலம்.
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும்
யாரோ மாவு மூட்டையைத் தவறவிட்ட மாதிரி.

உண்ணிப்புதர் திரும்பும் இடத்தில்
செல்வமேரி கையை நீட்டித் தடுத்தாள்.
காட்டெருமை.
பின்னால் நகரச் சொன்னாள். நகர்ந்தேன்.
பை நகரவில்லை. முள்ளில் மாட்டி
என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டது.
ஊக்குக் குத்திய பை சத்தமில்லாமல்
பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஆயிரம் கிலோ இருக்கும்.
ஒரு கிலோகூட அதிகம் இல்லை.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்மேல்
எந்தப் பட்டையும் இறுக்காமல்
பாரம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.
மூச்சு ஒன்றை விட்டு
சில்வர் ஓக் மரங்களுக்குள் இறங்கியது.

செல்வமேரி வந்து முள்ளை விடுவித்தாள்.
தட்டுவடை தூளாகியிருந்தது.
சட்னியைக் கொட்டிப் பிசைந்து
டப்பா மூடியில் தின்றோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன்.
மண் பட்டால் திரும்ப எடுக்கமாட்டார்களாம்.
இர்ஷாத் 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை.
அதற்காகவே முப்பது லிட்டரும் அவனிடமே வாங்கினேன்.

அறுபது இப்போது பீரோ மேலே,
விருந்தாளிப் போர்வைகளோடு.
முப்பதில்
இன்னும் ஒரு டார்ச் அதிகம் இருக்கிறது.